சின்னப் பெட்டியின் விலை

சவப்பெட்டிக் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லக் கூடாது. போகிறவர்களிடம் 'போய்ட்டு வாங்க' என்பது அதைவிடப் பெரிய பிழை. கல்யாணமாகி வந்த புதிதில் சுகிர்தத்துக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவள் கணவர் தேவசகாயம். ஆள் படியேறியதும் எழுந்து நிற்க வேண்டும். தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். வந்தவர் வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்து கடை அவள் கைக்கு வந்த பிறகும் சுகிர்தம் அப்படித்தான் நின்றாள்.

எதிர்க்கடை வெண்ணிலா 'வாங்க' என்றாள்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க, உக்காருங்க."

அந்தக் குரல் ஆத்தூர் ரோட்டைத் தாண்டி, இரண்டு பஸ்களுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் புகுந்து, சுகிர்தத்தின் காதுக்கு வந்து சேரும். விவரம் கெட்டவள், நேற்று ஞானஸ்நானம் வாங்கியவள் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ஜனங்கள் போய் உட்கார்ந்தார்கள். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். சிலர் அங்கேயே உடைந்து அழுதார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள். சுகிர்தத்தின் கடையில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அழுததில்லை. அதை மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

வெண்ணிலா சேந்தமங்கலத்துக்காரி. கணவன் மணிமாறன் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவன். அயோத்தியாப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் இடம் வாங்கிக் குடிவந்து, இரண்டு பேரும் சபையில் சேர்ந்து, அடுத்த வருஷமே கடையைத் திறந்துவிட்டார்கள். பெட்டி மட்டுமா? ஐஸ் பெட்டி வாடகைக்கு, சாமியானா வாடகைக்கு, பூ அலங்கரித்த வேன். எல்லாவற்றுக்கும் மேல், கடை வாசலில் ஒரு விலைப்பலகை. நீலத்தில் மஞ்சள் எழுத்து. வேம்பு இவ்வளவு, மா இவ்வளவு, பாலீஷ் போட்டது இவ்வளவு. கடைசி வரி மட்டும் கொஞ்சம் சிறிய எழுத்தில்: 'குழந்தைகளுக்கு – இலவசம்.'

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சுகிர்தத்தின் கண் முதலில் போய் விழுவது அந்த வரியில்தான். ஜெபம் அதற்குப் பிறகு.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் மனம் ஒப்பவில்லை. பொறாமை என்பது அடுத்தவள் சேலையைப் பார்த்து வருவது, அடுத்தவள் மகன் வேலைக்குப் போனால் வருவது. இது அப்படியல்ல என்று தனக்குள் வாதாடினாள். இது நியாயத்தைப் பற்றியது, தொழில் தர்மத்தைப் பற்றியது. ஆனால் சபையின் மூப்பர் ஒருவர் இறந்துபோன செய்தி வந்த காலையில், முதலில் 'பெட்டி யாரிடம் சொல்லியிருப்பார்கள்' என்றும், அதற்குப் பின்புதான் 'ஐயோ, நல்ல மனுஷர்' என்றும் மனத்தில் ஓடியபோது, அவள் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டாள். பெட்டியை வீட்டார் தங்கள் சொந்தக் காசிலேயே எதிர்க்கடையில்தான் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றும் அவளை அரித்தது. தேவசகாயம் கடையில் விலைப்பலகை கிடையாது. விலையை ஒரே ஒருமுறை, தாழ்ந்த குரலில் சொல்வார். துக்க வீட்டாரோடு பேரம் கூடாது என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் பெருமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மஞ்சள் எழுத்தில் எண்கள் தொங்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது: பேரம் பேசாமல் இருந்தது தானும் கணவரும் அல்ல, வாங்க வந்தவர்கள். பிணத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் எந்த விலையைச் சொன்னாலும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலில்தான் மாடி எழும்பியது, மகள் தீபிகா நர்சிங் படித்தாள். இதை வெண்ணிலா அவளுக்குச் சொல்லவில்லை. வெண்ணிலாவின் பலகை சொன்னது. அதற்காகவே அவளை மன்னிக்க முடியவில்லை.

சபைக்கு ஓர் அடக்கச் சங்கம் உண்டு. மாதா மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ கொஞ்சம் கட்டும். பெரியவர்கள் சாவென்றால் பெட்டியும் குழியும் சங்கத்துச் செலவு; சின்னப் பெட்டி அதில் சேராது. பெட்டி எப்போதும் சுகிர்தம் கடையிலிருந்துதான் போகும். யாரும் எழுதிக் கொடுத்த உரிமையல்ல, வழக்கம். இப்போது கமிட்டியில், 'இரண்டு கடை இருக்கும்போது விலை பார்த்துக் கொடுப்பதுதானே முறை' என்று பேச்சு வந்திருந்தது. ஆயுதபூஜை கழிந்த ஞாயிறு முடிவு செய்வதாக இருந்தார்கள். சங்கத்து வேலை போனால் சுகிர்தம் கடைக்கு மிஞ்சுவது வழிப்போக்கர் வியாபாரம்தான். கடையை மூட வேண்டியதுதான்.

அவள் ஆயரைப் பார்க்கப் போனாள். ஆயர் தங்கசாமி மெல்லப் பேசுகிறவர். யாருக்கும் கோபம் வராமல் பதில் சொல்வதில் தேர்ந்தவர். அதனாலேயே அவரிடம் பேசிவிட்டு வருகிறவர்களுக்குக் கோபம் வரும்.

"ஐயா, ஒரே சபைக்காரி. ஊரெல்லாம் இடம் இருக்க எங்க கடைக்கு நேர் எதுக்கால வந்து கடை போட்டிருக்கா. இப்பிடி ஒருத்தர் வாயில ஒருத்தர் மண்ணைப் போடலாமுங்களா?"

"கடை போடறது அவங்க உரிமை இல்லீங்களாம்மா? திராட்சத் தோட்டத்துல சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக்கூலி குடுத்தாரு எசமான். காலையில இருந்து வெயில்ல நின்னவனுக்கு வயிறு எரிஞ்சுது. அவன் கூலி குறையல. ஆனாலும் எரிஞ்சுது."

"அந்தத் தோட்டக்காரருக்கு எதுக்கால இன்னொரு தோட்டம் இல்லீங்களே ஐயா," என்றாள் சுகிர்தம். "இருந்திருந்தா அவரும் உங்ககிட்டத்தான் வந்து நின்னிருப்பாரு."

ஆயர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, வீட்டிலிருந்து புறப்படும்போது சொல்ல வேண்டாமென்று நினைத்திருந்ததை அவள் சொன்னாள். "சும்மா குடுக்கறாளே, என்ன பலகைன்னு யாராச்சும் பாத்தீங்களா? ஒதவாத பலகையைப் போட்டு மேல துணியை ஒட்டிக் குடுத்தா, மண்ணுக்குள்ள போனது யாருக்குத் தெரியும்?"

ஆயரின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று. "அப்படி இருந்தா அது பெரிய பாவம்மா. கமிட்டியில சொல்லுங்க. ஆனா வாயால சொன்னாப் போதாது, காட்டோணும்."

காட்ட வேண்டுமானால் ஒரு பெட்டி வேண்டும். பெட்டி வேண்டுமானால் ஒரு குழந்தை சாக வேண்டும்.

இந்த எண்ணம் இப்படி வார்த்தையாக அவளுக்குள் எழவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றது. பெட்டிக்காரனே பெட்டியைப் பரிசோதிப்பதில் தப்பென்ன? துணி வாங்குகிறவன் ஒரு நூலை உருவிப் பார்ப்பதில்லையா? அவளுடைய தச்சன் கந்தப்பனின் மச்சான் அம்மாசி அயோத்தியாப்பட்டணத்தில் மினி ஆட்டோ ஓட்டுகிறான். அவனை வெண்ணிலாவுக்குத் தெரியாது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அம்மாசி காதைச் சொறிந்தான். "ஏனுங்க்கா, புள்ளை செத்துப்போச்சுன்னு எம்பட வாயால எப்பிடிங்க சொல்றது? எனக்கும் ஊட்ல ரெண்டு இருக்குதுங்க."

"உம்பட புள்ளைன்னு யாரு சொல்லச் சொன்னா? தூரத்து ஊரு, ஏழைங்க, அவங்களால வர முடியலைன்னு சொல்லு."

"உங்க சாமி ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"வாடகை வேணுமா வேண்டாமா?"

அவன் போனான். பெட்டியோடு நேரே வந்தால் வெண்ணிலா பார்த்துவிடுவாள் என்று சுற்றுவழியாக, கடைக்குப் பின்னால் வீட்டை ஒட்டிய பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினான். முகம் சரியில்லை.

"எதாச்சும் கேட்டாளா?"

"பேரு கேட்டாங்க. இன்னும் பேரு வெக்கலீங்கன்னு சொன்னேன். அதுக்கு அந்தம்மா..." அவன் நிறுத்திவிட்டு, வாடகையை எண்ணாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். "இனி இந்த மாதிரி சோலிக்கு என்னையக் கூப்படாதீங்க்கா."

கந்தப்பன் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அவளே ஆணிபிடுங்கியை எடுத்தாள். கைகள் பழகியவை. மூடியைக் கழற்றினாள். உள்ளே வெளிர்நீலப் பூப்போட்ட துணி, ஓரத்தில் மஞ்சள் நாடா வைத்துத் தைத்தது. கடையில் வாங்கிய துணியல்ல, உடுத்திப் பழசான மென்மை. அதைப் பாதி உரித்தாள். பக்கப் பலகை ஒன்றை நெம்பி எடுத்தாள்.

முகத்துக்கு நேரே பிடிக்கும் முன்பே வாசனை சொல்லிவிட்டது. மாம்பலகை. உதவாத பலகை அல்ல; உயர்ந்த பலகையும் அல்ல. முனையில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அவள் வாங்குகிற அதே மரவாடிக்காரன் போடுகிற கோடு. தலையைத் திருப்பினால் அவளுடைய சுவரோரம் அடுக்கியிருக்கும் பலகைகளிலும் அதே கோடு தெரியும். திருப்பவில்லை.

அவளும் சின்னப் பெட்டிகளை இதே மாம்பலகையில்தான் செய்து வந்தாள். விலைக்குக் கொடுத்தாள். எதிரே இலவசம் வந்த பிறகு யாரும் அவளிடம் கேட்காததால் செய்வதை நிறுத்தியும் விட்டாள். இப்போது பட்டறையில் இருக்கிற ஒரே சின்னப் பெட்டி இதுதான், பிரித்துப் போட்டபடி. திருப்பிக் கொடுக்க முடியாது. விற்க முடியாது. அடுப்பில் வைக்கவும் மனம் வரவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

கெட்ட பலகையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷி நல்லவளாக இருப்பது தனக்கு நேர்ந்த நஷ்டம்போல அவளுக்கு வலித்தது.

ஞாயிறு ஆராதனையில் ஆயர் மன்றாட்டு விண்ணப்பங்களை வாசித்தார். நோயாளிகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள். கடைசியாக, "நம்ம சகோதரி வெண்ணிலா குடுத்திருக்காங்க. இந்த வாரத்துல மரிச்சுப்போன, பேரு வெக்காத ஒரு குழந்தைக்காகவும், வந்து பெட்டிகூட வாங்க முடியாத அதும்பட தாய் தகப்பனுக்காகவும்..."

சபை எழுந்து நின்றது. சுகிர்தமும் நின்றாள். இரண்டு வரிசை முன்னால் வெண்ணிலாவின் முக்காடிட்ட தலை குனிந்திருந்தது, தோள் லேசாகக் குலுங்கியது. 'நடிப்பு' என்று சொல்லிப் பார்த்தாள் சுகிர்தம், உள்ளுக்குள். அந்தச் சொல் ஒட்டவில்லை. இருநூறு பேர் ஒருமித்து ஆமென் சொன்னபோது அவள் உதடும் அசைந்தது. இல்லாத பிள்ளைக்காக இத்தனை பேர் அழுகிறார்கள், அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நான்தான் என்று நினைத்தாள். அப்போதும், அந்த நேரத்திலும், இன்னொரு குரல் கேட்டது: பார், ஜெபத்திலும் அவள் பெயர்தான் வருகிறது.

ஆயுதபூஜை வந்தது. கந்தப்பன் முந்தின நாளே பட்டறையைக் கழுவி, உளி, இழைப்புளி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான். பூஜைக்கு மறுநாள் வரை ஒரு கருவியையும் தொடக் கூடாது. தேவசகாயம் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு. 'கடைக்குள்ள வேண்டாம், பட்டறையில வெச்சுக்க' என்பதோடு சரி. ஆத்தூர் ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய்கள் சிவந்து கிடந்தன. மரவாடிகள் பூட்டியிருந்தன. எதிர்க்கடையில் வெண்ணிலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் தச்சர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

பதினொரு மணி வாக்கில் ஓர் இளைஞன் பைக்கில் வந்து வெண்ணிலாவின் கடையில் இறங்கினான். சுகிர்தம் தன் வழக்கப்படி பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணிலா எழுந்தாள், போனை எடுத்தாள், யாரிடமோ பேசினாள், மறுபடி வேறு யாரிடமோ பேசினாள். பிறகு அவன் தோளைத் தொட்டு, ரோட்டின் இந்தப் பக்கத்தைக் கை காட்டினாள்.

அவன் பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் குறுக்கே நடந்து வந்தான். சுகிர்தம் எழுந்து நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். காத்திருந்தாள்.

"அக்கா, நான் நவீன்குமாருங்க. நம்ம சபைதானுங்க, மாசிநாயக்கன்பட்டிப் பக்கம். ரிக்குல போறேனுங்க." அவன் குரல் தெளிவாகத்தான் இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல. "கொழந்தை ஆஸ்பத்திரியில தவறிருச்சுங்க. பொம்பளப் புள்ளை. நாப்பது நாளு ஆகலீங்க. அந்தக்கா சொன்னாங்க, ஒரு பெட்டி இருந்துச்சாமுங்க, போன வாரம் வேற ஒரு கொழந்தைக்குப் போயிருச்சாமுங்க. இன்னைக்கு ஆள் யாரும் இல்ல, உங்ககிட்ட இருக்கும், கேளுங்கன்னாங்க."

சுகிர்தத்தின் வாயிலிருந்து, எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக, அந்தச் சொல் வந்தது.

"வா சாமி. வந்து உக்காரு."

அவனைப் பட்டறைத் திண்டில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்தாள். பிரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். சந்தனப் பொட்டோடு படுத்திருந்த சுத்தியலைப் பார்த்தாள். கந்தப்பனுக்குப் போன் போட்டாள்.

"கந்தா, உம்பட சுத்தியை எடுத்துக்கட்டுமா? ஒரு கொழந்தைக்கு."

"எடுங்க்கா. கொழந்தைக்குத்தானுங்க? சாமி ஒண்ணும் சொல்லாது. நான் வேணா பஸ்ஸைப் புடிச்சு வரட்டுமா?"

"வேண்டாம். நானே பண்ணிக்கறேன்."

அவளே செய்தாள். நெம்பிய பலகையைப் பொருத்தி ஆணி அடித்தாள். பழைய ஓட்டைகளில் ஆணி பிடிக்கவில்லை. பக்கத்தில் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. உரித்த துணியைத் தட்டி நீவி, ஊசியெடுத்து மஞ்சள் நாடாவை மறுபடி தைத்தாள். வெண்ணிலாவின் தையல் சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தது. அவளுடையது பெரிய தையல். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

பெட்டியை வெளியே எடுத்து வந்ததும் அவன் எழுந்து நின்றான். "எவ்வளவுங்க்கா?"

"காசு வேண்டாம்."

"நீங்களும் சும்மாவே குடுக்கறீங்களா?" அதுவரை ஒப்பித்துக்கொண்டிருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதான். "நீங்க நல்லா இருக்கோணுங்க்கா. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கோணும்."

இது என் பெட்டி இல்லை என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அவன் அழுது முடிக்கும் வரை நேரம் இருந்தது. சுகிர்தம் சொல்லவில்லை. அந்த ஆசீர்வாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வெண்ணிலா இத்தனை நாளும் அனுபவித்தது இதைத்தானா என்று நினைத்தபடி, கொஞ்ச நேரம் அதில் நின்றாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அதிகக் கூட்டமில்லை. குழந்தையின் தாய் சரிதாவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்க மூடியை எடுத்தபோது, வெண்ணிலாவும் எட்டிப் பார்த்தாள். அவள் கண் குழந்தையின் முகத்திலிருந்து துணிக்கு இறங்கியது. துணியிலிருந்து மஞ்சள் நாடாவுக்கு. நாடாவில் தையல் மாறுகிற இடத்துக்கு. பிறகு நிமிர்ந்து, குழிக்கு அந்தப் பக்கம் நின்ற சுகிர்தத்தைப் பார்த்தாள். ஆயர் ஜெபித்து முடிக்கும் வரை அந்தப் பார்வை விலகவில்லை.

மண் போட்ட கையைக் கழுவ இருவரும் குழாயடிக்கு வந்தபோது வேறு யாரும் இல்லை.

"அக்கா, அது எம்பட பழைய பாவாடைத் துணிங்க்கா," என்றாள் வெண்ணிலா.

சுகிர்தம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்தப் புள்ளை... ஆட்டோக்காரரு சொன்ன புள்ளை... சாவலீங்களா?"

"அப்படி ஒரு புள்ளையே இல்ல, வெண்ணிலா."

வெண்ணிலா குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை சுகிர்தம் கண்ணால் பார்த்தாள். கோபம் அதற்குப் பிறகுதான் ஏறியது.

"அத நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேனுங்க்கா. தாயிக்காரி பால் கட்டி என்ன பாடு படறாளோன்னு... இப்ப நான் சந்தோசப்படறதா, உங்களைப் புடிச்சு அடிக்கறதா?"

"அடிச்சுக்கோ."

"எதுக்குங்க்கா செஞ்சீங்க?"

"பலகையைப் பாக்கறதுக்கு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எம்பட பலகைதான்."

வெண்ணிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சுகிர்தத்துக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. எத்தனையோ காலையாக, ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சில் நின்றது. "நீ எதுக்குச் சும்மா குடுக்கறே? நெசத்தைச் சொல்லு. யாவாரத்துக்குத்தானே?"

"ஆமாங்க. யாவாரத்துக்குந்தான்," என்றாள் வெண்ணிலா, கூச்சமில்லாமல். "சின்னதுக்கு வந்தவங்க பெருசுக்கும் நம்மகிட்டத்தான் வருவாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு கணக்குப் போட்டாரு. நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா அந்தக் காசைக் கையில வாங்கவும் எனக்கு முடியாதுங்க்கா. ரெண்டும் ஒண்ணாக் கலந்து கெடக்குது. எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல. ஆண்டவருக்குத்தான் தெரியும்."

சுகிர்தம் எதிர்பார்த்தது வேறு. ஒன்று அவள் கள்ளி என்று தெரிய வேண்டும், அல்லது பரிசுத்தவாட்டி என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள். தன்னைப்போலவே கலங்கிக் கிடக்கிற ஒருத்திக்குத் தயாராக இல்லை.

"கமிட்டியில சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குச் சொல்றேன்? அது உங்க பாடு." வெண்ணிலா எழுந்து முந்தானையை உதறினாள். "ஆனா பெட்டிக்குக் காசு குடுத்துருங்க."

"என்னது?"

"சும்மாங்கறது புள்ளை செத்தவங்களுக்குங்க்கா. உங்களுக்கு யாரும் சாவல. நீங்க வாங்கினது சரக்கு. சரக்குக்கு வெலை உண்டு. உங்க கடை வெலைக்கே குடுங்க, எங்க கடை வெலை வேண்டாம்."

சுகிர்தம் பையிலிருந்து பணத்தை எடுத்தாள். தன் வாயால் எத்தனையோ பேரிடம் தாழ்ந்த குரலில் சொன்ன அந்தத் தொகையை, இப்போது தன் கையால் எண்ணி வைத்தாள். எவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது. வெண்ணிலா ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் மன்னித்திருந்தால் சுகிர்தத்தால் தாங்கியிருக்க முடியாது. விலை கேட்டதில் நிற்க ஓர் இடம் கிடைத்தது.

"நவீன்குமார்கிட்ட நானே சொல்லிடறேன், அது உம்பட பெட்டின்னு."

"இன்னைக்கு வேண்டாங்க்கா. அவங்க அழுகட்டும்," என்றாள் வெண்ணிலா. "பொறவு சொல்லுங்க. ஆனா சொல்லோணும்."

ஞாயிறு கமிட்டியில் ஆயர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சுகிர்தம்மா பலகை பத்தி ஏதோ சந்தேகம் சொன்னாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெண்ணிலா மடியில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சுகிர்தத்துக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. 'மாம்பலகைதான் போடுகிறாள்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம். அது உண்மை. மீதியை அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

"பிரிச்சுப் பாத்தேனுங்க," என்றாள். "பொய் சொல்லி ஒரு பெட்டியை வாங்கிப் பிரிச்சுப் பாத்தேன். போன வாரம் நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணின புள்ளை நாஞ்சொன்ன பொய்யிங்க. பலகை என்னோடதும் வெண்ணிலாவோடதும் ஒண்ணுதான். ஒரே மரவாடி. அதும்பட வெலை கம்மி. சங்கத்துக் காசு ஏழைங்க காசு. அதுகிட்டயே குடுங்க."

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பின்வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அவள் எழுந்து வெளியே வந்தாள். மனம் லேசாகிவிட்டதா என்றால், இல்லை. படியிறங்கும்போது முதலில் தோன்றியது, 'ஆக, எல்லாம் அவளுக்கே போயிற்று' என்பதுதான். அந்த எரிச்சலைத் தள்ளிவிடாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.

கடையை மூடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெயின்டர் சென்றாயனை வரவழைத்து, தன் வாசலிலும் ஒரு விலைப்பலகை எழுதச் சொன்னாள். வேம்புக்கு எதிர்க்கடையைவிட நூறு ரூபாய் குறைத்துச் சொன்னாள். சென்றாயன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"போட்டிங்களா அக்கா?"

"ஆமா, போட்டிதான். நீ எழுது."

எழுதிக்கொண்டே வந்து கடைசியில் நின்றான். "சின்னதுக்கு என்ன போடறதுங்க?"

அவள் யோசித்தாள். விலை எழுதக் கை வராது. இலவசம் என்று எழுதினால் அது வெண்ணிலாவின் வரி.

"அதை எழுதாத."

"எழுதாம உட்டா வாரவங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"தெரிய வேண்டாம். வந்தா நான் சொல்லிக்கறேன்."

சென்றாயன் தோளைக் குலுக்கிவிட்டு, அந்த இடத்தை நீலமாகவே விட்டு ஓரக்கோடு இழுத்தான். சுகிர்தம் பின்னால் நகர்ந்து நின்று பலகையைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வெண்ணிலா பார்க்கிறாளா என்று திரும்பினாள்.

வெண்ணிலா யாரிடமோ 'வாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுகிர்தத்துக்கு அது கொஞ்சம் வலித்தது.